டீ கப்பு வெள்ளையாகும் நேரம்

நான் எழுதிய மென்பொருளை நான் ஒருநாள்கூட முழு ஷிஃப்ட் உட்கார்ந்து பயன்படுத்தியதில்லை. சமைத்தவன் வாயில் வைக்காத சோறு அது. வைத்திருந்தால் துப்பியிருப்பேன். அதனால்தான் வைக்கவில்லை போலிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரி பிரேக்குக்கான சின்னச் சின்ன பிஸ்டன்களைக் கடைந்து தரும் கம்பெனி அது. நான் மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். பெரியபாளையம் தாண்டி, புதுவாயலில் பஸ் ஹைவேயைத் தொடும்வரை தூக்கம். இறங்கியதும் ஐ.டி. அறை. அதற்கு முன்பு அது கந்தல் துணியும் ஆயில் டப்பாவும் போட்டுவைத்த அறை. என்னை உட்கார வைப்பதற்காக ஒரு ஏ.சி. மாட்டினார்கள். அந்தக் கம்பெனியில் மேனேஜர் அறைக்கு அடுத்தபடி ஏ.சி. ஓடியது எனக்குத்தான். அந்தக் குளிரில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது.

கடைசிப் பரிசோதனைப் பிரிவுக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்றார்கள். நான்கு மேசை, நான்கு பெண்கள், நான்கு கம்ப்யூட்டர். பிஸ்டனை எடுத்து அதன்மேல் பொறித்த எண்ணை டைப் செய்ய வேண்டும். கேஜில் வைத்து அளக்க வேண்டும். அளவை டைப் செய்து ‘சேமி’யை அழுத்த வேண்டும். பக்கத்திலுள்ள பிரிண்டர் ஒரு ஸ்டிக்கர் துப்பும். அதை ஒட்டி ட்ரேயில் வைத்தால் ஒரு பீஸ் முடிந்தது. இதை ஜாவாவில் எழுதினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஜாவாவில் எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஓடும் என்று மட்டும்தான் சொன்னார்கள். எந்த வேகத்தில் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜாவாவில் செய்த டெஸ்க்டாப் மென்பொருள் என்றாலே ஆமை, அவலட்சணம், மெமரியைத் தின்னும் பூதம் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. யார் வந்து புகார் சொன்னாலும், “ஜாவான்னா அப்படித்தாம்மா” என்று ஒரு பெருமூச்சு விடுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் ஜாவா. உண்மையில் அது நல்ல குதிரைதான். அதன் முதுகில் ஏறிய கழுதை நான்.

முதலில் அழகைச் சொல்கிறேன். என் மேசையில் இருந்தது அகலமான மானிட்டர். அதை வைத்துத்தான் திரையை வடிவமைத்தேன். கீழே பரிசோதனை மேசைகளில் இருந்ததோ பழைய சதுர மானிட்டர்கள். ‘சேமி’ பொத்தானில் பாதிதான் அங்கே தெரிந்தது. மீதி திரைக்கு வெளியே எங்கோ இருந்தது. அந்தப் பெண்கள் மூன்று வருடம் பாதிப் பொத்தானை அழுத்தினார்கள். நான் திருத்தவில்லை. பாதி தெரிகிறதே, அது போதாதா என்று இருந்தேன். மென்பொருளுக்கென்று ஒரு சின்னம்கூட நான் வரையவில்லை. ஜாவா தானாகப் போட்டுவைக்கும் ஆவி பறக்கும் காபிக் கோப்பைதான் அப்படியே நின்றது. அதனால் அவர்கள் அதற்கு ‘டீ கப்பு’ என்று பெயர் வைத்தார்கள். டீ கப்பைத் திற, டீ கப்பு வரமாட்டேங்குது, டீ கப்பு வெள்ளையாயிடுச்சு.

அந்த வெள்ளைதான் விஷயம். ‘சேமி’யை அழுத்தியதும் விவரம் ஆபீஸ் கட்டடத்தில் உள்ள சர்வருக்குப் போய், பதில் வர வேண்டும். நான் எழுதிய லட்சணத்தில், மென்பொருளுக்குள் திரையை வரைகிற ஆளும் சர்வருக்கு ஓடுகிற ஆளும் ஒரே ஆள். ஓடியவன் திரும்பும்வரை திரையை வரைய நாதியில்லை. அதனால் திரை வெளுத்துப்போய் நிற்கும். இரண்டு வேலைக்கு இரண்டு ஆள் வைக்க வேண்டும் என்பது ஜாவா படிக்கிறவனுக்கு இரண்டாம் மாதமே சொல்லித் தருகிற பாடம். எனக்கும் தெரியும். சோம்பேறித்தனம், வேறென்ன.

இதோடு இன்னொரு கூத்தும் இருந்தது. சேமித்த ஒவ்வொரு பீஸின் விவரத்தையும் என் மென்பொருள் கீழே போடாமல் மெமரியில் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிற வேலை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெருமூச்சு விடும். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் முக்கி முனகும். அதாவது யார் அதிக பீஸ் பார்க்கிறாரோ அவருடைய கம்ப்யூட்டர்தான் அதிகமாக இழுக்கும். உழைக்கிறவளுக்கு அபராதம். இப்படி ஒரு நியாயத்தை நான் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

கம்ப்யூட்டர்களாவது நல்லவையா என்றால், ஆபீஸில் மூச்சு வாங்கியது ஸ்டோருக்குப் போகும், ஸ்டோரிலும் படுத்துவிட்டால் பரிசோதனைப் பிரிவுக்கு வரும். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் அவை கடைசியாகத் தங்கும் இடம் அது.

திரை வெளுத்தால் மனிதக் கை சும்மா இருக்காது. பொத்தானை நாலு தரம் அழுத்தும். அழுத்திய நாலும் வரிசையில் நின்று, திரை உயிர் பெற்றதும் நாலு ஸ்டிக்கராக வந்து விழும். சிலர் கோபத்தில் டீ கப்பையே மூடிவிடுவார்கள். அப்போது கடைசிப் பீஸின் பதிவு காணாமல் போகும். பழியெல்லாம் என் தலையில் விடிந்தது. ஆகவே நான் ஒரு காகிதம் அச்சடித்து நான்கு மானிட்டர் மேலும் ஒட்டினேன். ‘திரை வெள்ளையானால் காத்திருக்கவும். மறுபடி அழுத்தக் கூடாது. ஷிஃப்ட் முடியும் முன் மூடக் கூடாது.’ கீழே என் கையெழுத்து. என் மென்பொருளின் வியாதிக்கு அந்தப் பெண்களைப் பத்தியம் இருக்கச் சொன்னேன்.

நான்கு பேரில் மூன்று பேர் அந்தக் காகிதத்தை மதிக்கவில்லை. ஒருத்தி மதித்தாள்.

இப்போது எழுதும்போது ‘மதித்தார்’ என்று போட்டால் மரியாதையாக இருக்கும். அன்றைக்குக் கொடுக்காத மரியாதையை இன்றைக்கு எழுத்தில் கொடுத்து நல்லவன் ஆவதில் எனக்கு விருப்பமில்லை. அவள் என்றே எழுதுகிறேன்.

அவளுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதல்முதலாகக் கம்பெனிக்கு வந்தது அவள்தான். புதுவாயலில் ஒற்றை அறை வாடகை வீடு. புருஷன் கொல்கத்தா ஹைவேயில் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். அதனால் பெண் குழந்தையைப் பள்ளிப்பட்டில் அக்காவிடம் விட்டிருந்தாள். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், இது மூன்றாவதாக அங்கே வளர்ந்தது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் பிரிண்டரைப் பார்க்கப் போனபோது அவளுடைய திரை வெளுத்து நின்றது. காத்திருந்த நேரத்தில் சொன்னாள். ஒரு குடும்பக் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கிற அளவுக்கு என் மென்பொருள் அவகாசம் கொடுத்தது.

“பர்மனென்ட் ஆச்சுன்னா ஜெனரல் ஷிஃப்ட் சார். காலைல போய் சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடலாம். பாப்பாவ இட்டாந்து இங்கயே ஸ்கூல்ல சேத்துருவேன். ஒண்ணாவது முடிக்கப் போவுது. இப்பவே சேத்தா தான் உண்டு.”

நான் தலையாட்டினேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். விரல் பொத்தான் பக்கமே போகவில்லை. எவ்வளவு ஒழுங்கான பெண் என்று அப்போது மெச்சிக்கொண்டேன்.

மற்ற மூவரும் வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். டீ பிரேக்குக்கு மணி அடித்ததும் டீ கப்பை மூடி, மறுபடி திறந்துவிட்டுப் போவார்கள். அது கண் விழித்து எழுந்து வருவதற்குள் இவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். மூடியதில் பிடித்துவைத்த பாரமெல்லாம் கீழே விழுந்திருக்கும். மறுபடி காலை நேர வேகம் கிடைக்கும். ஒரு பதிவு தொலைந்தால் அந்தப் பீஸைத் திரும்ப அடித்துக்கொள்வார்கள். நான் வருடக்கணக்கில் செய்யாத வேலையை அவர்கள் ஒரு டீக்குள் செய்துவிட்டார்கள். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். அவர்களில் மூத்தவள் கொஞ்சமும் அசரவில்லை.

“இன்னா சார் பண்றது? நீங்க சொல்ற மாதிரி குந்திக்கினு இருந்தா பொழுது போயிடும். பேஜாரு சார் இது.”

“சரி, பண்ணிக்கோங்க. அந்தம்மாவுக்கும் சொல்லிக் குடுங்க. அது பாவம், உக்காந்துகினே இருக்குது” என்றேன்.

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “அவளாண்ட சொல்லாதீங்க சார். பர்மனென்ட் சீட்டு ஒண்ணு, ஆளு நாலு. எங்களுக்கும் புள்ள குட்டி இருக்குது.”

நான் சொல்லவில்லை. அந்த மூவரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு எலும்பை வீசிவிட்டு, நாய்கள் ஏன் ஒற்றுமையாக இல்லை என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு எந்த எலும்பும் வேண்டியிருக்கவில்லை. ஏ.சி. அறைக்குத் திரும்பிப் போகிற வழியில் அவள் மேசை. நின்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. என் கையெழுத்துப் போட்டு ஒட்டிய காகிதத்தை நானே பொய் என்று சொல்ல வேண்டுமே என்று கடந்து போனேன்.

அந்த ஒரு இடத்துக்கு ஆளை முடிவு செய்யும் மாதம் வந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதர்களால் இவ்வளவு கெடுதல் நடப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

“நாலு பேர்ல யாருக்குக் குடுக்கறதுன்னு மண்ட காயுதுப்பா. இன்சார்ஜ் ஒண்ணு சொல்றாரு, யூனியன் ஒண்ணு சொல்லுது. உன் சாஃப்ட்வேர் தான் எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்குதே, அதையே கேட்டுடலாம். யாரு ஃபாஸ்ட்டு, யாரு ஸ்லோன்னு ஒரு ரிப்போர்ட் குடு.”

கொடுத்தேன். ஒரு பீஸுக்கு யார் எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக் கணக்கு. நான்கு பட்டைகள், மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்பு அவளுடையது. மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். நான் முதலில் பார்த்தது வண்ணங்கள் நன்றாக வந்திருக்கின்றனவா என்பதைத்தான். நன்றாகவே வந்திருந்தன. மேனேஜர் அதை வண்ண பிரிண்ட் எடுத்துக்கொண்டார்.

பிறகுதான் ஏதோ உறுத்தியது. போனில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு கீழே போய், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பிஸ்டனை எடுப்பாள், கீபோர்டைப் பார்க்காமலே எண்ணை அடிப்பாள், கேஜில் ஒரு தரம்தான் வைப்பாள், அளவை அடிப்பாள், அழுத்துவாள். நான்கு பேரிலும் அவள் கைதான் வேகம். சந்தேகமே இல்லை. மற்ற மூன்று பேரையும் அளந்து பார்த்தேன், பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் அவள் அழுத்தியதும் திரை வெளுக்கும். அவள் கைகள் மடிக்குப் போகும். என் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கும்.

அறைக்கு வந்து நிரலைத் திறந்தேன். நேரத்தைக் குறித்துக்கொள்ளும் வரி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். எண்ணை டைப் செய்ததும் கடிகாரம் தொடங்குகிறது, அது சரி. முடிவது, அவள் ‘சேமி’யை அழுத்திய நொடியில் அல்ல. சர்வரிலிருந்து பதில் வந்து, திரை உயிர் பெற்ற பிறகு. அந்த வரியை இரண்டு வரி மேலே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் மென்பொருள் தூங்கிய தூக்கத்தையெல்லாம் அது அவள் பெயரில் எழுதிவைத்திருந்தது. மற்ற மூவரும் பேச்சைக் கேட்காததால் தப்பித்தார்கள். நான் சொன்னபடி கேட்டவள் மாட்டிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை என் மனசாட்சிக்கு ஆதாரமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன். விஷயம் என்னவென்றால், திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். என் மென்பொருளைப் பார்த்துவிட்டு, அதை மற்ற இரண்டு ஆலைகளிலும் போடலாமா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். போட்டால் எனக்குப் பதவி உயர்வு. என் கீழே இரண்டு பேர். ரிப்போர்ட் தப்பு என்று வெள்ளிக்கிழமை சொன்னால், திங்கட்கிழமை அவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

சனிக்கிழமை காலை மேனேஜர் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. அவர் மேசை மேல் வண்ண பிரிண்ட். அவள் நாற்காலியில் உட்காரவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து வந்திருப்பாள் போல. சீருடைக் கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள்.

“இன்னாம்மா, வேல ரொம்ப ஸ்லோவா போவுது?” என்று பிரிண்டை அவள் பக்கம் திருப்பினார் மேனேஜர்.

அவள் குனிந்து பார்த்தாள். பட்டையின் கீழே தன் பெயர் இருப்பதைப் படிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“நான் ஸ்லோ இல்ல சார். டீ கப்பு வெள்ளையாயிடுது. வெயிட் பண்றேன்.”

“எது வெள்ளையாயிடுது?”

“கம்ப்யூட்டர்ல சார். அமுத்துனா நின்னுக்கினே இருக்குது. சாரு தான் வெயிட் பண்ணச் சொல்லிக்கிறாரு, அதான் வெயிட் பண்றேன்.” அவள் என்னைப் பார்த்தாள். காப்பாற்றச் சொல்லும் பார்வையெல்லாம் இல்லை. சாட்சி பக்கத்திலேயே இருக்கிறான் என்ற நிம்மதி மட்டும் இருந்தது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “சாஃப்ட்வேர்ல ஏதாவது பிரச்சனையாப்பா? சொல்லு. இருந்தா சொல்லிடு.”

அவர் நிஜமாகவே கேட்டார். கதவைத் திறந்து வைத்துக் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் அதட்டியிருந்தால், பயந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருப்பேன்.

“மத்த மூணு பேருக்கும் நல்லா ஓடுது சார்” என்றேன்.

அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. கோர்ட்டில் வைத்துக் கேட்டாலும் நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தட்டு பெரியதாக இருந்தால் மறைக்கலாம்.

“பாத்தியாம்மா” என்றார் மேனேஜர், வருத்தமாகவே.

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தன் மேல்தான் ஏதோ தப்பு இருக்கிறது, அது என்னவென்று இந்தப் படித்த மனிதருக்குத் தெரிந்திருக்கும் என்று யோசிக்கிற முகம். “செரி சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூத்தவளுக்கு அந்த இடம் கிடைத்தது. இவளைப் பரிசோதனையிலிருந்தே எடுத்துவிட்டு, பிசிறு தேய்க்கும் பிரிவில் போட்டார்கள். கடைந்த பிஸ்டனின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பிசிறைக் கையால் தேய்த்து எடுக்கிற வேலை. கையுறை கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டால் வேலை ஓடாது என்று யாரும் போடுவதில்லை. மூன்று வருடம் கேஜ் பிடித்த விரல்கள், ஒரே மாதத்தில் முனைகள் வெடித்துப்போயிருந்ததை கேன்டீன் வரிசையில் பார்த்தேன். தட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். ‘சாப்டீங்களா சார்’ என்று கேட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டுமே. சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கம்பெனிக்குப் போய் எல்லாவற்றையும் சரி செய்தேன். திரை வரைய ஒரு ஆள், சர்வருக்கு ஓட வேறு ஆள். முடிந்த பீஸை மெமரியிலிருந்து கீழே போட்டேன். நேரம் குறிக்கும் வரியை இரண்டு வரி மேலே ஏற்றினேன். பாதிப் பொத்தானை முழுப் பொத்தான் ஆக்கினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று வருடத்து வெள்ளை அரைநாளில் போனது. திங்கட்கிழமை தலைமை அலுவலக ஆட்கள் முன்னால் அது பட்டுப் போல ஓடியது. ஜாவாவில் எழுதியதா என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். ஜாவாவைச் சும்மா குறை சொல்வார்கள் சார், எழுதுகிறவன் கையில் இருக்கிறது என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாத ரிப்போர்ட்டில் எல்லாப் பட்டையும் பச்சை. மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

“பாத்தியா, ஒரு ஆள மாத்தினதும் செக்‌ஷனே ஃபாஸ்ட் ஆயிடுச்சு. உன் ரிப்போர்ட் இல்லன்னா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது.”

அவர் அதை ஆலை முழுக்கச் சொன்னார். மீட்டிங்கில் சொன்னார், பிசிறு தேய்க்கும் பிரிவின் சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் அதைக் கீழே வந்து, அவள் காதில் விழும்படியே சொல்லியிருப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குப் பதவி உயர்வு வந்தது. மணவாள நகரில் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்கு மாறினேன். கிரகப்பிரவேசத்துக்கு மேனேஜர் வெள்ளிக் குத்துவிளக்கோடு வந்தார்.

ஒரு வருடம் கழித்து அவளுடைய காண்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. அதை நான் செய்யவில்லை, ஆனால் அவர்கள் எந்தத் தாளைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன மே மாதம், கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, புதுவாயல் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். பத்து மணி வெயில். “சார்” என்று பக்கத்தில் ஒரு குரல். அவள்தான். இளைத்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது இருக்கும்.

“நல்லா இருக்கீங்களா சார்? நான் இப்போ பிளாஸ்டிக் கம்பெனில கீறேன். அங்கயும் காண்ட்ராக்ட் தான், மூணு ஷிஃப்ட்டு. இது என் பொண்ணு. லீவுக்கு பத்து நாளு இட்டாந்தேன்.” பிறகு குழந்தையின் தோளைத் தொட்டு, “இந்த சாரு தான் எனக்குக் கம்ப்யூட்டர் கத்துக் குடுத்தாரு. கும்புடு” என்றாள்.

குழந்தை இரண்டு கையையும் கூப்பியது. நானும் கூப்பினேன்.

பிறகு அது அவள் புடவையை இழுத்தது. “சின்னம்மா, எப்போ ஊட்டுக்குப் போறது? அம்மா இந்நேரம் தேடிக்கினு இருக்கும்.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அக்காவின் பிள்ளைகள் அவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டு, இதுவும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருக்கிறது. அம்மா என்றால் அதற்குப் பள்ளிப்பட்டில் இருப்பவள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சமாதானம் சொன்னாள். “பழக்கம் சார். இன்னா பண்றது, நெனவு தெரிஞ்சதுலேர்ந்து அங்கயே கீது. சொல்லிச் சொல்லிப் பாத்தேன், வரல. அப்பவே ரெண்டாவதுல இங்க சேத்திருந்தா மாறியிருக்கும்.”

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து, இடமில்லாமல் போனது. அவள் கொஞ்சம் தயங்கி நின்றாள். குழந்தைக்குக் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைக் குறைத்துக்கொண்டாள்.

“சார், ரொம்ப நாளா உங்கள ஒண்ணு கேக்கணும்னு. அந்த ரிப்போர்ட்டு. நான் நெசமாவே அவ்ளோ ஸ்லோவா சார்?”

பக்கத்தில் மேனேஜர் இல்லை. தலைமை அலுவலகம் இல்லை. நான் அந்தக் கம்பெனியை விட்டே இரண்டு மாதத்தில் போகப்போகிறவன், வேறு இடத்தில் வேலை உறுதியாகியிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு காசு நஷ்டமில்லை. நான்கு பேரில் நீதான் வேகம் என்று சொல்லியிருக்கலாம். அது ஒன்றையாவது அவள் எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

“கொஞ்சம் ஸ்லோ தாம்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். “நானும் அதான் நெனச்சேன் சார்” என்று சொல்லிவிட்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.